எஞ்சினுக்கு முன் அடிச்சட்டம்

சொந்தக் கையால் ஒரு மோட்டார் வண்டியைக் கட்டவேண்டும் என்னும் ஆவல் கொண்ட இளைஞன் முதலில் தேடுவது எஞ்சினையே. பழைய மோட்டார் சைக்கிளினுடையதோ, விபத்தில் சிதைந்து ஒதுக்கப்பட்ட சிறு காரினுடையதோ, எஞ்சின் ஒன்று கிட்டியதும், அதைத் தாங்கச் சில இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து நான்கு சக்கரங்களைப் பொருத்திவிட்டால் வண்டி ஆயிற்று என அவன் கருதுகிறான். பயிற்சிப் பட்டறைகள் பலவற்றில் பாடம் நடைபெறும் வரிசையும் இக்கருத்துக்கே துணைசெய்கிறது. எஞ்சினைப் பிரிக்கவும் பூட்டவும் கற்பிக்கிறார்கள். ஆனால் சேஸிஸ் என வழங்கும் அடிச்சட்டமும், சக்கரங்களை அதனோடு இணைக்கும் சஸ்பென்ஷன் அமைப்பும் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்யப்படுவதோடு நின்றுவிடுகின்றன. இவ்வரிசை தலைகீழானது. எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். அடிச்சட்டமும் சஸ்பென்ஷனும் பிழையானால் வண்டி நிற்பதில்லை, ஓடிக்கொண்டே புரளும்.

வட இந்தியக் கிராமங்களில் பணியாற்றும் களப்பணியாளர்கள் ‘ஜுகாட்’ என்னும் வண்டியைக் கண்டிருப்பர். நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை ஒரு சட்டத்தின்மேல் ஏற்றி, பழைய வண்டிகளின் உறுப்புகளைக் கொண்டு ஓட்டச்செய்யும் அந்தக் கைத்திறன் பாராட்டுக்குரியதே. எனினும் அவ்வண்டியில் அறிவு முழுவதும் எஞ்சினை ஓடச்செய்வதில் செலவாகிவிட்டது. பாரம் ஏற்றினால் சட்டம் எவ்வளவு முறுக்கும், பள்ளத்தில் இறங்கும் சக்கரம் எத்திசையில் திரும்பும் என்ற வினாக்கள் எழுப்பப்படவே இல்லை. ஜுகாடும் மோட்டார் வாகனமே என 2013-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால் அது சட்டத்திற்கு உட்பட்டதாயிற்று. ஆனால் அதைக் கட்டுவோருக்குச் சட்டகத்தின் இயல்பைக் கற்பிக்கும் வேலை ஆசிரியர்களுடையது.

வீட்டுப் பட்டறையில் கார் கட்டும் வழக்கம் வேரூன்றிய நாடு பிரிட்டன். அங்கு அவ்வழக்கத்துக்குப் பெரிதும் வழிகாட்டியவர் எஞ்சின் வல்லுநர் அல்லர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பயின்ற காலின் சாப்மன். 1948-ஆம் ஆண்டில் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைக் கொண்டு தம் முதல் வண்டியை அமைத்த அவர், 1957-ஆம் ஆண்டில் லோட்டஸ் செவன் என்னும் காரை வெளியிட்டார். பகுதிகளாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்வோருக்குக் கொள்முதல் வரி இல்லாதிருந்தமையால் பலர் அதை வீட்டிலேயே பூட்டினர். பின்னர் ரான் சாம்பியன் என்பவர் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்று, ஓர் அங்குலச் சதுரக் குழாய்களையும் பழைய போர்ட் எஸ்கார்ட் காரின் உறுப்புகளையும் கொண்டு அதுபோன்ற வண்டியை 250 பவுன் செலவில் கட்டும் முறையை விளக்கிற்று. இவ்வண்டிகளில் எஞ்சின் இரவல் பொருள். கட்டுபவன் தானே ஆக்குவது அடிச்சட்டம் ஒன்றே.

அந்தச் சட்டத்தின் தத்துவத்தை விளக்க ஒரு செருப்புப் பெட்டி போதும். மூடியில்லாத அட்டைப்பெட்டியின் இரு முனைகளையும் பற்றி முறுக்கினால் அது எளிதில் வளைந்து கொடுக்கும். மூடியை வைத்துச் சுற்றிலும் ஒட்டிவிட்டு முறுக்கினால் அசைய மறுக்கும். ஆறு முகங்களில் ஒன்று இல்லாவிடினும் பெட்டி தன் முறுக்கு விறைப்பைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. திறந்த காரில் மனிதர் அமரும் இடம் அந்த இல்லாத மூடியே. ஆகவேதான் அங்கே ஓரங்களை ஆழமாக்குவதும், நடுவே செல்லும் சுரங்கம்போன்ற பகுதியை நாற்புறமும் மூடிய குழாயாக்குவதும் தேவையாகின்றன. கதவு பெரிதாக இருக்கட்டும் என்று ஓரக் குழாயை அறுத்தெறியும் கட்டுநர் தாம் எதை இழந்தோம் என்பதை அறியார்.

மற்றொரு சோதனை இன்னும் எளிது. தடித்த வரைதாளைக் குழலாக உருட்டி விளிம்பை ஒட்டி முறுக்கிப் பார்க்கவேண்டும். பின்னர் அதே குழலை நீளவாட்டில் கத்தியால் கீறிவிட்டு மீண்டும் முறுக்கவேண்டும். 40 மில்லிமீட்டர் சராசரி விட்டமும் 2 மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பும் உள்ள இரும்புக் குழாயை அவ்வாறு கீறினால், அதன் முறுக்கு விறைப்பு ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு பங்காகக் குறைகிறது. இரும்பின் எடை குறையவில்லை, வலிமை குறையவில்லை. மூடிய வடிவம் திறந்த வடிவமாயிற்று, அவ்வளவே. லாரியின் திறந்த ‘சி’ வடிவச் சட்டத்தைச் சிறு காருக்கு அளவு குறைத்துப் பின்பற்றுவது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். லாரியின் சட்டம் மேடுபள்ளத்தில் ஓரளவு முறுக்கிக்கொடுப்பதை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டது. சிறு காரில் சட்டமே ஸ்பிரிங்காகிவிட்டால், உண்மையான ஸ்பிரிங்கைத் திருத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஸ்பிரிங்கைப் பற்றியும் வீட்டுக் கட்டுநரிடையே ஒரு பிழை பரவலாக உண்டு. சக்கரத்தைத் தாங்கும் ‘ஆர்ம்’ என்னும் கையின் நடுவில் ஸ்பிரிங்கைப் பொருத்தினால், சக்கரம் உணரும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் பாதி என எண்ணுகின்றனர். உண்மையில் அது கால் பங்கே. விசையும் பாதியாகிறது, அசைவும் பாதியாகிறது, இரண்டும் பெருக்கப்படவேண்டும். விறைப்பு சரியா என்பதை அறியவோ விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. விறைப்பு மாறாத சுருள் ஸ்பிரிங்காயின், அதன் அழுத்தமற்ற நிலையிலிருந்து வண்டியின் பாரத்தால் சக்கரம் எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 300-ஐ வகுத்தால், வண்டி நிமிடத்துக்கு எத்தனை முறை ஊசலாடும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். 16 சென்டிமீட்டராயின் 75 முறை. பயணிகள் வண்டிக்கு 60 முதல் 90 வரை இதமானது. பின்சக்கரங்களின் எண் முன்சக்கரங்களினுடையதைவிடச் சற்றுக் கூடுதலாக இருத்தல் நன்று என்பதை மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர் 1930-களில் அமெரிக்காவில் நிலைநாட்டினார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்னர் ஏறும் பின்பகுதி விரைந்து ஊசலாடி அதை எட்டிப்பிடித்தால்தான் வண்டி முன்னும்பின்னும் தலையாட்டுவது அடங்கும்.

செய்வதற்கு எளிய அமைப்பே நல்லது என்னும் எண்ணமும் ஆபத்தானது. ஊசல் அச்சு அதற்கு ஓர் உதாரணம். அச்சு உட்புறத்தில் மட்டும் மடங்கும். வெளியே சக்கரம் அதனோடு விறைப்பாக இணைந்திருக்கும். வளைவில் விரைந்து திரும்பும்போது சக்கரம் வண்டியின் அடியில் மடிந்து, பின்பகுதியை மேலே தூக்கிவிடக்கூடும். 1960-ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த செவர்லே கார்வேர் இதனால்தான் ரால்ப் நேடரின் 1965-ஆம் ஆண்டு நூலில் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதே காலத்து மற்ற வண்டிகளைவிட அது மோசமானதன்று என 1972-இல் அமெரிக்க அரசின் ஆய்வு கூறியது உண்மையே. ஆயினும் பெரிய தொழிற்சாலையே 1964-இல் திருத்தி, 1965-ஆம் ஆண்டு மாதிரியில் கைவிட்டுவிட்ட ஓர் அமைப்பை, எளிது என்பதற்காக மட்டும் வீட்டுக் கட்டுநர் தேர்ந்தெடுப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

நன்கு சோதிக்கப்பட்ட வரைபடத்தை அப்படியே பின்பற்றினால் போதாதா என்று கேட்கலாம். அப்படியே பின்பற்றினால் போதும்தான். ஆனால் எவரும் அப்படியே பின்பற்றுவதில்லை. ஒருவர் அகன்ற டயர் போடுகிறார். ஒருவர் வண்டியைத் தாழ்த்துகிறார். ஒருவருக்கு வேறு காரின் ஸ்டியரிங் பெட்டிதான் கிடைக்கிறது. மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் ஆகியவற்றின் கோடுகளை நீட்டினால் சந்திக்கும் புள்ளியை நோக்கி டை ராடும் அமையவேண்டும். நீளமும் அதற்கு ஒத்திருக்கவேண்டும். இல்லையேல் சக்கரம் மேட்டில் ஏறும்போதெல்லாம் தானே திரும்பும். அட்டைத் துண்டுகளையும் குண்டூசிகளையும் கொண்டு முழு அளவில் ஒரு மாதிரி செய்தால் இப்பிழை அரை மணி நேரத்தில் புலப்படும். கணிப்பொறியும் இதைக் காட்டும். ஆனால் அதற்குத் தரும் அளவுகளும் பாரங்களும் கட்டுநரின் ஊகமேயாயின், திரையில் தோன்றும் வண்ணப்படமும் ஊகமே.

இந்தியாவில் வீட்டில் கட்டிய வண்டியைப் பொதுச்சாலைக்குக் கொண்டுவருதல் எளிதன்று. வாகன மாதிரிகள் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் சோதிக்கப்படவேண்டும். பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. இக்கட்டுப்பாட்டைக் காரணமாகக் காட்டி இப்பாடத்தையே ஒதுக்குவோர் உளர். 2007-ஆம் ஆண்டில் தொடங்கிய பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டியில் பொறியியல் மாணவர்கள் பொதுச்சாலைக்கு வராமலே தம் சட்டங்களைக் கட்டி ஓட்டிக் கற்றுவந்திருக்கிறார்கள். அந்த வாய்ப்பு தொழிற்பயிற்சி மாணவர்களுக்கும், செருப்புப் பெட்டி அளவிலேனும் பள்ளி மாணவர்களுக்கும் எட்டவேண்டும்.

பள்ளிப் பட்டறையில் பழைய அடிச்சட்டம் ஒன்று கிடக்குமாயின் தொடக்கத்துக்கு அதுவே போதும். பின்முனையை அசையாமல் கட்டி, முன்முனையை நடுவில் ஒரே முளையின்மீது நிறுத்தி, முளையிலிருந்து ஒரு மீட்டர் தூரம் பக்கவாட்டில் நீளும் கம்பத்தின் நுனியில் 50 கிலோகிராம் எடையைத் தொங்கவிடவேண்டும். 800 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள முன் ஸ்பிரிங் இடங்களில் ஒன்று 7 மில்லிமீட்டர் தாழ்ந்து மற்றொன்று 7 மில்லிமீட்டர் உயர்ந்தால், சட்டம் ஏறத்தாழ ஒரு பாகை முறுக்கியிருக்கிறது. அதன் பிறகு ஒரு மூலைக் குழாயைப் பற்றவைத்து, அதே எடையை மீண்டும் தொங்கவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் குறைந்தது என்பதை மாணவனே தன் குறிப்பேட்டில் எழுதட்டும்.