ஜெயண்ட் ரோபாட் ஏன் திரும்பி வரலை?

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்துப் பிள்ளைகளிடம் 'ஜெயண்ட் ரோபாட்' என்று சொல்லிப் பாருங்க. பாதிப் பேர் முழிப்பாங்க. மீதிப் பேர் உடனே கையை மடக்கி, வாட்ச்சில் பேசிக் காட்டுவாங்க. ராமாயணம், மகாபாரதம் தொடர்கள் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. வாராவாரம் ஒரு பூதத்தோடு மல்லுக்கட்டிய இந்த இரும்பு மனிதனை மறந்தே போயிட்டோம்.

அது ஜப்பான்காரங்க எடுத்த தொடர். 1967 அக்டோபரில் அங்கே ஆரம்பிச்சு, 1968 ஏப்ரலில் 26 பகுதிகளோடு முடிஞ்சது. மூலக்கதை மிட்சுதெரு யோகோயாமாவின் படக்கதை. கார்ட்டூன் கிடையாது, நிஜ மனுசங்க நடிச்சது. பூதம் என்றால் ரப்பர் உடுப்புக்குள்ளே ஓர் ஆள். அது மிதிச்சு நொறுக்கும் நகரம் என்றால் பொம்மை வீடுகள். கடலுக்குள்ளிருந்து டிராகோலான் வரும். விண்வெளியிலிருந்து ஒரு கொடி வரும். வருசம் பூரா வேலிக்கருவையோடு போராடுகிற எனக்கு, அதில் நிஜமான பூதம் அந்தக் கொடிதான்!

கார்காயில் என்கிற கும்பல் ஒரு விஞ்ஞானியை அடைச்சு வெச்சு ரோபாட்டைச் செய்ய வைக்கும். முதலில் யார் குரல் பதிவாகுதோ அவங்க பேச்சைத்தான் அது கேட்கும். ஜானி சோக்கோ என்ற பொடியனின் குரல் பதிவாகிடும். அப்புறமென்ன, அவன் வாட்ச்சில் கூப்பிட்டால் பறந்து வரும். எங்க ஊர் பஞ்சாயத்து டிவி முன்னாடி நாப்பது பிள்ளைங்க உட்கார்ந்து பார்ப்போம். பேசின மொழி யாருக்கும் புரியாது, கதை மட்டும் நல்லாப் புரியும்.

நான் சொல்ல வந்தது கடைசிப் பகுதியைப் பற்றி. கும்பலின் தலைவன் கில்லட்டின் உடம்பு முழுக்க அணுசக்தி. சுட்டால் பூமியே போயிடும். ரோபாட்டுக்கோ சக்தி தீர்ந்து போச்சு. அப்போ யாரும் சொல்லாமலே அது எழுந்து, அவனைத் தூக்கிக்கிட்டு வானத்துக்குப் போய், ஒரு விண்கல்லில் மோதி அழிஞ்சு போகும். ஜானி கத்திக் கூப்பிடுவான். அதுவரைக்கும் அவன் பேச்சைத் தட்டாத ரோபாட் அன்னைக்குத் திரும்பி வராது.

இப்படி ஒரு முடிவைச் சின்னப் பிள்ளைகளுக்கு வெச்சவங்க யாருன்னு யோசிங்க. 1945இல் இரண்டு நகரங்களை அணுகுண்டுக்குப் பறிகொடுத்த நாடு. 1954இல் பிகினி தீவில் அமெரிக்கா வெடிச்ச குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதே வருசம்தான் காட்ஸில்லா படமும் வந்தது. பெரியவங்களின் பயம் அந்த ஊர்ப் பூதக் கதைகளுக்குள் அப்படித்தான் வந்து சேர்ந்தது. பிள்ளைகளிடமிருந்து அதை அவங்க மறைக்கலை.

இப்போ லீவுக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைங்க போனில் படம் பார்க்கும்போது, யாராவது சாகிற மாதிரி வந்தால் அம்மாக்காரி ஓடிவந்து தள்ளிவிடுகிறாள். "பிஞ்சு மனசு சித்தப்பா, தாங்காது" என்கிறாள். அவள் அக்கறையைக் குறை சொல்லமாட்டேன். கிராமத்திலும், வித்த ஆட்டைப் பத்தி "மேய்ச்சலுக்குப் போயிருக்கு, வந்துடும்" என்று பிள்ளையிடம் பொய் சொல்கிறவங்க உண்டு. பிள்ளை சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே நிற்கும். அந்தக் காத்திருப்பு அழுகையை விடக் கொடுமைங்க.

உள்ளதைச் சொன்னால் பிள்ளை அழும், ஒரு வேளை சோறு வேண்டாம் என்கும். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு குட்டிக்கு அகத்திக்கீரை ஒடிச்சுக்கிட்டு வரும். மனசு மரத்துப் போச்சுன்னு அர்த்தமில்லை. துக்கத்தைத் தாண்டப் பழகுதுன்னு அர்த்தம்.

ஆனால் ஒண்ணு. ரோபாட்டுக்காக நாங்க நாப்பது பேரும் சேர்ந்து அழுதோம். இன்னைக்குப் பிள்ளைங்க ஆளுக்கொரு போனோடு தனியா உட்கார்ந்திருக்காங்க. பயப்பட வேண்டியது அந்தத் தனிமைக்குத்தான், சோகமான முடிவுக்கு இல்லை. அதனால அடுத்த தடவை அப்படி ஒரு காட்சி வந்தால் தள்ளிவிடாதீங்க. வேலையைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாருங்க.