தேனீ உண்ணிக்கு எந்த மருந்து?

தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களிடையே ஒரு கோரிக்கை எழுந்துள்ளது. பெட்டிகளில் உண்ணி விழுந்துவிட்டது. ஆகவே சங்கமே உண்ணி மருந்துப் பட்டைகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, விதையும் எருவும் வழங்குவதுபோல் எல்லோருக்கும் கடனாக வழங்க வேண்டும் என்பதே அது. பட்டினச்சேரி, திருமலைராயன்பட்டினம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் பெட்டி வைத்துள்ளோர் இதனைப் பெரிதும் வற்புறுத்துகின்றனர். கோரிக்கையின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் முறை சரியன்று என்பது என் அபிப்பிராயம்.

முதற்கண், பெட்டியில் இருப்பது எந்த ஈ என்று பார்க்க வேண்டும். நம்மவரிற் பலர் வளர்ப்பது அடுக்குத் தேனீ என வழங்கும் இந்தியத் தேனீ. வர்ரோவா என்னும் உண்ணி பன்னெடுங்காலமாக இத்தேனீயின்மீது வாழ்ந்து வருவதே. அது ஆண் ஈயின் புழு அறைகளில் மட்டுமே பெருகும். பணித் தேனீக்களோ அதனைத் தேடிப் பிடித்து அகற்றிவிடும். ஆகவே இந்தியத் தேனீப் பெட்டிக்கு உண்ணி மருந்து பெரும்பாலும் வீண் செலவு. 1960ஆம் ஆண்டுகளில் பஞ்சாபில் நிலைபெற்றுப் பின்னர்த் தெற்கேயும் வந்த இத்தாலியத் தேனீயின் கதை வேறு. அதற்கு இவ்வுண்ணி புதிய பகை. 2004, 2005ஆம் ஆண்டுகளில் வட இந்தியாவில் வர்ரோவாவால் அத்தேனீக் குடும்பங்கள் பெருவாரியாக அழிந்தன. மலைத் தேனீயிடமிருந்து வரும் டிரோபிலேலாப்சு என்னும் மற்றொரு சிற்றுண்ணியும் அதனை வருத்துகின்றது.

இரண்டாவது, ஈக்கள் சாவது உண்ணியாலேயேதானா? நம் பகுதியில் நெல் அறுவடைக்குப் பின் கோடையில் பருத்தி பயிராகின்றது. பருத்திக்கு மருந்து தெளித்த அன்று மாலை பெட்டி வாயிலில் ஈக்கள் குவியல் குவியலாக இறந்து கிடக்குமாயின், அது நஞ்சின் வேலையே. உண்ணியின் அடையாளம் வேறு: இறக்கை சுருங்கிய இளம் ஈக்கள் தரையில் ஊர்ந்து திரியும்; மூடிய புழு அறைகளில் துளை காணப்படும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்தியத் தேனீக் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றை மடியச் செய்தது தாய்லாந்துப் பைப்புழு நோய். மார்த்தாண்டம் பகுதியில் தேனை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் அன்று பட்ட துயரம் சிறிதன்று. அது வைரஸ் நோய். அதற்கு உண்ணி மருந்தை எத்தனை முறை வைத்தாலும் பயன் இராது.

ஆகவே மருந்துக்கு முன் எண்ணிக்கை வேண்டும். அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டி ஒன்று. அதன் மூடிக்குப் பதிலாகக் கம்பி வலை. புழுவடையிலிருந்து ஏறக்குறைய 300 ஈக்களை, இராணி அவற்றுள் இல்லை என்று நிச்சயித்துக்கொண்டு, புட்டியில் இட்டு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரைத் தூளைத் தூவி, மெல்ல உருட்டி, இரண்டு நிமிஷம் நிழலில் வைக்க வேண்டும். பின்னர்ப் புட்டியைக் கவிழ்த்து வெள்ளைத் தட்டில் குலுக்கினால் தூளோடு உண்ணிகளும் உதிரும். சிறிது நீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து, செந்நிற உண்ணிகள் கண்ணுக்குத் தெரியும். ஈக்களை உயிருடன் பெட்டியிலேயே விட்டுவிடலாம். நூறு ஈக்கு மூன்று உண்ணி என்பது பிற நாடுகளிற் பலர் கொள்ளும் எல்லை; அதற்கு மேற்பட்டால் மருந்து தேவை. ஒரு சிறு எச்சரிக்கை: நம் கடற்காற்றில் சர்க்கரைத் தூள் விரைவில் கசிந்து கட்டியாகும். ஈரத் தூளில் உண்ணி உதிராது. உதிராததைக் கண்டு உண்ணியே இல்லை என்று ஏமாறக் கூடாது.

இனி மருந்துகள். பட்டை மருந்து உபயோகிக்க எளிது. அதுவே அதன் கவர்ச்சி. ஆனால் ஃப்ளூவாலினேட் போன்றவை மெழுகிற் கரைந்து அடையிலேயே தங்கிவிடும். ஒரே பட்டையை ஆண்டுதோறும் வைத்ததால் 1990ஆம் ஆண்டுகளில் இத்தாலியிலும், பின்னர் அமெரிக்காவிலும் உண்ணிகள் அதற்கு அஞ்சாதனவாயின. எல்லோருக்கும் ஒரே பட்டையைச் சங்கம் வழங்குமாயின் அந்த நிலையை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம்.

ஃபார்மிக் அமிலம், ரப்பர்ப் பாலை உறைய வைக்க உபயோகிக்கும் அதே அமிலந்தான். அதன் ஆவி மூடிய புழு அறைக்குள்ளும் புகுந்து உண்ணியைக் கொல்லும். உண்ணிகளிற் பெரும்பகுதி மறைந்திருப்பது அங்கேயே ஆதலால் இச்சிறப்பு பெரிது. 85 சதவீத அமிலம் நாளொன்றுக்கு 5 மில்லி வீதம், திரியிட்ட சிறு புட்டியில், 15 நாள் வைப்பது நம் நாட்டு வழக்கம். ஆனால் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் ஆவி மிகுந்து புழுவும் இராணியும் சாகக்கூடும். சித்திரை, வைகாசியில் காரைக்காலில் வெப்பம் 35 பாகையையும் கடக்கின்றது. எனவே நமக்கு மார்கழியும் தையுமே தக்க காலம். மழைக்காலத்தில் பூவும் தேன் வரத்தும் குன்றியிருப்பதால் தேனில் கலக்கும் பயமும் அப்பொழுது குறைவு. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்றே அமிலத்தைக் கையாள வேண்டும்.

ஆக்சாலிக் அமிலம் அறை மூடிக்குள் ஊடுருவாது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் புழுவே இராது. நமக்கு அப்படியொரு காலம் இல்லை. இராணியை 24 நாள் கூண்டில் அடைத்துப் புழு வளர்ப்பை நிறுத்திய பின் இட்டால் அது நன்கு வேலை செய்யும். டிரோபிலேலாப்சுக்கோ இக்கூண்டு ஒன்றே ஏறக்குறையப் போதும். புழுவின்றி அது சில நாளைக்கு மேல் வாழாது. ஓமச் சத்தாகிய தைமாலும், சட்டங்களின்மேல் தூவும் கந்தகமும் வழக்கில் உண்டு. முன்னது தேனுக்குத் தன் மணத்தை ஏற்றிவிடும். பின்னதை அளவு மீறித் தூவிப் புழுவைக் கெடுப்போரே அதிகம்.

நெசவாளர் அங்கத்தினர்கள் இதில் நமக்கென்ன என்று எண்ணலாம். சங்கத் தேன் ஒரே பீப்பாயில் கலந்து விற்பனையாகின்றது. ஓர் இழை சாயம் விட்டாற் புடவை முழுவதும் கறைபடுவதுபோல், ஒருவர் தேன் வரத்துக் காலத்தில் பட்டை வைத்துவிட்டால் அனைவர் தேனும் கெடும். நஷ்டம் பொது நிதியில் விழும். மேலும், வழி தவறிய ஈக்களும் கொள்ளையிடும் ஈக்களும் ஒரு தோப்பின் உண்ணியை அடுத்த தோப்புக்குக் கொண்டு செல்கின்றன. பத்துப் பேரில் ஏழு பேர் மருந்திட்டு மூவர் சும்மா இருந்தால், தை முடிவதற்குள் எழுவர் பெட்டியிலும் மீண்டும் உண்ணி ஏறும்.

ஆதலால் நிர்வாகக் குழுவுக்கு என் யோசனை இது. பட்டைக் கொள்முதலை நிறுத்தி வைத்து, அத்தொகையில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு ஊருக்கு இரண்டு சோதனைப் புட்டிகள் வாங்கலாம். கார்த்திகை இறுதியில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே வாரத்தில் எண்ணி, பெட்டி எண்ணும் உண்ணி எண்ணும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். எல்லை மீறிய இத்தாலியத் தேனீப் பெட்டிகளுக்கு மட்டும், எல்லோரும் ஒரே வாரத்தில், மேல் அறைத் தேனை எடுத்த பிறகு, ஃபார்மிக் அமிலம் இடலாம். முடிந்த பத்தாம் நாள் மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் குறையாத பெட்டிகள் எத்தனை என்று தெரிந்த பின், வேறு மருந்தைப் பற்றி அடுத்த கூட்டத்திற் பேசலாம்.