சுற்றுச்சுவருக்குள் அடைபட்ட பெற்றோர்

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும். கூலிவேலை செய்யும் ஒரு தாயைத் தலைமையாசிரியருக்கு எதிர் நாற்காலியில் அமர்த்த 2009இல் ஒரு சட்டம் முனைந்தது சிறிய செய்தியன்று. ஆயினும், மொழியியல் படித்த பழக்கத்தாலோ என்னவோ, அப்பிரிவில் ஒன்று என்னை உறுத்துகிறது. குழுவின் கடமைகளைச் சொல்லுமிடத்தில் 'பள்ளி' என்ற சொல் ஒருமையிலேயே வருகிறது. தன் பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணித்தல், தன் பள்ளிக்கான மேம்பாட்டுத் திட்டம் தயாரித்தல், தன் பள்ளிக்கு வரும் மானியத்தின் செலவைக் கவனித்தல் என்பவையே அதன் பணிகள். அடுத்த தெருவிலுள்ள பள்ளி அக்குழுவின் பார்வைக்குள் வருவதேயில்லை.

ஏற்றத்தாழ்வோ இரண்டை அருகருகே வைத்தாலன்றித் தெரியாத பொருள்.

நான் ஆய்வு செய்யும் டெல்லியையே எடுத்துக்கொள்வோம். இங்கே ஒன்றிய அரசின் கேந்திரிய வித்யாலயா, மாநில அரசுப் பள்ளி, ஐந்தாம் வகுப்புவரை மட்டும் கொண்ட மாநகராட்சிப் பள்ளி ஆகிய மூன்றும் 'அரசுப் பள்ளி' என்ற ஒரே பெயருக்குள் அடங்குகின்றன. கேந்திரிய வித்யாலயாவில் வளர்ச்சி நிதி என ஒரு மாணவருக்கு மாதம் 500 ரூபாய் பெறுகிறார்கள். ஆயிரம் மாணவர் என்றால் ஆண்டுக்கு 60 லட்சம். விலக்குப் பெறுவோரைக் கழித்தாலும் பெருந்தொகைதான். மாநில, மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் சமக்ர சிக்ஷா திட்டம் தரும் ஆண்டுக் கூட்டு மானியமோ எத்தனை பெரிய பள்ளியானாலும் 1 லட்சத்தைத் தாண்டாது. பிற அரசு நிதிகள் தனியே உண்டு என்பது உண்மை. இருப்பினும் அம்மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. பிள்ளைகள் குறையக் குறைய அதுவும் குறையும். பெயிண்ட் உதிர்ந்த பள்ளியிலிருந்து பிள்ளைகள் விலகுகிறார்கள். விலகியபின் பெயிண்ட் அடிக்கவும் பணமிராது.

பணத்தைவிடச் சிக்கலானது ஆசிரியர் பங்கீடு. சட்டத்தின் 25ஆம் பிரிவு ஆசிரியர்–மாணவர் விகிதத்தை ஒவ்வொரு பள்ளியிலும் காக்கச் சொல்கிறது. மாவட்டச் சராசரி காட்டித் தப்பிக்க இடமில்லை. 26ஆம் பிரிவின்படிக் காலியிடங்கள் பத்து விழுக்காட்டை மீறலாகாது. இவற்றை நிறைவேற்ற நம்மூரில் 'பணிநிரவல்' என்று சொல்லப்படும் இடமாற்றம் தேவை. அது தொடங்கியதும் என்ன நடக்கும்? ஆசிரியரை இழக்கும் பள்ளியின் பெற்றோர் வாயிற்கதவைப் பூட்டிப் போராடுவார்கள். பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியரை எவர்தான் விட்டுக்கொடுப்பார்? அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், அந்த ஆசிரியர் போய்ச்சேர வேண்டிய பள்ளியில் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் அமர்த்திப் பாடம் நடப்பதை அவர்கள் கண்டதில்லை. அந்தப் பள்ளியின் பெற்றோருக்கோ வாயிலை மறிக்க ஒருநாள் கூலியை இழக்கும் வசதி இல்லை. குரல் வலுத்த குழு வெல்கிறது. சமத்துவத்துக்காக அமைந்த குழுவே சில வேளை ஏற்றத்தாழ்வின் காவலாளியாகிவிடுகிறது.

குரல் என்பதை உருவகமாக மட்டும் சொல்லவில்லை. வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசுபவர், கோப்புகளின் இந்தியில் எழுதப்பட்ட தீர்மானத்தின் கீழ்க் கையெழுத்திடும்போது எதற்கு ஒப்புகிறார்? இது தனியே எழுத வேண்டிய செய்தி.

நன்கொடைக்கும் இதே நோய். 1950களின் இறுதியில் தமிழ்நாட்டில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஊர்மக்கள் கைக்கொடுத்த வரலாறு அது, பெருமை தகும். எனினும் கொடுக்க ஆளில்லாத ஊரின் பள்ளி என்ன ஆகும் என்ற கேள்வி அன்றும் இருந்தது, முன்னாள் மாணவர் நிதி திரட்டும் இன்றும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா–மாலிபு பள்ளி மாவட்டம் இதை நேராகவே எதிர்கொண்டது. பெற்றோர் சங்கங்கள் தத்தம் பள்ளிக்கு மட்டும் கூடுதல் பணியாளரை அமர்த்தப் பணம் திரட்டுவதை மாற்றி, மாவட்டம் முழுமைக்கும் பொதுநிதியாக்க 2011இல் முடிவெடுத்தது. வசதி மிகுந்த மாலிபுப் பெற்றோர் கடுமையாக எதிர்த்தனர். நம்மிடமும் எதிர்ப்பு வரும். 'என் பணம், என் பிள்ளையின் பள்ளி' என்பது எளிதில் மறுக்கக்கூடிய வாதமன்று. ஆனால் பொதுப்பள்ளி என்ற சொல்லில் 'பொது' என்பதற்கு ஏதேனும் பொருள் இருக்க வேண்டுமே.

ஆகவே நான் கேட்பது புதிய குழு அன்று. இருக்கின்ற குழுக்கள் ஆண்டுக்கு இருமுறையாவது, ஒரு குறுவளத்தின் பள்ளிகள் அனைத்தும் சேர்ந்து, நிருவாக எல்லை பாராமல் ஒன்றாக அமரட்டும். கூட்டம் நலிந்த பள்ளியிலேயே நடக்கட்டும். விருந்தினராக வருபவர் அங்குள்ள கழிப்பறையைப் பயன்படுத்தட்டும். ஒவ்வொரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, காலியிடம் ஆகியவை ஒரே கரும்பலகையில், அங்கு கூடியோர் பேசும் மொழியில் எழுதப்படட்டும். யூடைஸ் தரவுத்தளத்தில் இவற்றுள் பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ளன. பணிநிரவல் குறித்த முறையீடுகளைத் தனித்தனிக் குழுவிடமிருந்து அன்றி, இக்கூட்டமர்விலிருந்தே கல்வித்துறை பெறட்டும். பிரிவு 21, விதிகளின் வழியாகக் குழுவுக்குப் பிற பணிகளை வழங்க இடமளிக்கிறது. இதற்குச் சட்டத்திருத்தம்கூடத் தேவையில்லை; அந்தந்தப் பள்ளிக்குரிய அரசு தன் விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.