பெரியம்மாவின் பிஸ்கற் ரின்

டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் போன பின்னர் எங்கள் ஒழுங்கையில் கூடியவர்கள் மேல்தான். மாரி மழைக்குப் பிறகு எங்கள் சாட்டிக் கிராமத்தில் கிணற்றடி, தொட்டி, கவிழ்க்காமல் விட்ட சிரட்டை எல்லாவற்றையும் வந்து பார்ப்பார்கள். இம்முறை ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள்: காய்ச்சலோடு தோலில் சிவப்புப் புள்ளி கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அதில் 'காய்ச்சலோடு' மட்டும் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து சேரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் முழங்கைக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு திட்டு. டெங்குதான் என்று தீர்ப்பாகிவிட்டது. ஒருத்தி பப்பாசி இலை பிடுங்க ஓடினாள். "கண்டிப் போச்சு, வேறொண்டுமில்லை" என்று இன்னொருத்தி நல்லெண்ணெய்ப் போத்தலோடு உருவ உட்கார்ந்தாள்.

டெங்கைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்த நோய் அது. காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து ஏறும். இரத்தச் சிறுதட்டுகள் குறைய, குண்டூசித் தலையளவில் புள்ளிகள் தெரியலாம். கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தினாலும் அவை மறையா. பனடோல் தவிர வேறு வலிக் குளிசை தொடக்கூடாது. ஆனால் பெரியம்மாவுக்குக் காய்ச்சலே இல்லை. டெங்கை இத்தோடு விடுகிறேன்.

நான் கேட்டது பெரியம்மா மருந்து போட்டு வைக்கும் பிஸ்கற் ரின்னை. வெளிநாட்டுப் பார்சல்களைப் பற்றி நான் புலம்பாத மாதமில்லை என்பது இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ரொறன்ரோவிலிருந்து கோபித்தவர்களும் உண்டு. கோபியுங்கோ, இன்றைக்கும் அதுதான்.

ரின்னைத் திறந்தால் இருதயக் கிளினிக்கில் கொடுத்த சின்ன அஸ்பிரின். மகன் கனடாவிலிருந்து அனுப்பிய மீனெண்ணெய். ஞாபகசக்திக்கென்று மகள் பாரிசிலிருந்து அனுப்பிய ஜிங்கோ. முழங்கால் நோவுக்குக் கடையில் சொல்லி வாங்கிய டைக்ளோபெனாக். மீனெண்ணெயும் ஜிங்கோவும் தனியே நின்றால் பெரிய குற்றவாளிகளல்ல, சந்தேகப் பட்டியலில் உள்ளவை. அஸ்பிரினோடு டைக்ளோபெனாக் சேருவதுதான் எனக்குப் பயம். அது தோலோடு நிற்காமல் வயிற்றுக்குள்ளும் இரத்தம் கசிய வைக்கும். சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அஸ்பிரின் தடுக்கிறது. அது தொட்ட சிறுதட்டு தன் ஆயுள் முடியும்வரை, ஏழெட்டு நாளோ பத்து நாளோ, பிறகு வேலைக்கு உதவாது. அதற்குமேல், வெயிலில் வாழ்நாள் முழுக்கக் காய்ந்த முதிய தோல். நுண்குழாய்களைத் தாங்கும் தோலின் நார்கள் தேய்ந்துபோக, கதவு நிலையில் உரசினாலே உள்ளே கசியும். இளம் பிள்ளையின் கண்டல் கறுத்து, பச்சையாகி, மஞ்சளாகி ஆறும். பெரியம்மாவினது அப்படி நிறம் மாறாது. கிழமைகள் போக மங்கி, மண்ணிறத்தில் ஒரு கறை மிஞ்சும். அதனால் உயிருக்கு ஒன்றுமில்லை. உருவினால்தான் இன்னும் பரவும்.

பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா: "அப்ப கிளினிக் குளிசையை நிப்பாட்டுறன். மற்றது பிள்ளையள் காசு குடுத்து வாங்கி அனுப்பினது தம்பி, எறியேலுமே?"

மாரடைப்பைத் தடுத்துக்கொண்டிருக்கும் ஒரேயொரு குளிசையை எறிந்துவிட்டு மற்றதையெல்லாம் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. இந்தக் கணக்குக்காகத்தான் நான் புலம்புகிறேன். கிளினிக் கொப்பியில் அஸ்பிரின் இருக்கிறது, மீனெண்ணெய் இல்லை. மகனுக்கு டைக்ளோபெனாக் தெரியாது. மகளுக்கு மகன் அனுப்பியது தெரியாது. எல்லாவற்றையும் அறிந்தது அந்த ரின் மட்டும்.

இதிலும் பெரிய கதை வார்பரின். இருதய வால்வு மாற்றியவர்கள் இரத்தம் கட்டிபடாமல் விழுங்கும் குளிசை அது. 1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் காரணமில்லாமல் இரத்தம் கசிந்து செத்தன. கொம்பு வெட்டிய காயத்திலேயே போய்விடும். பூஞ்சணம் பிடித்த ஒருவகைக் காய்ந்த புல்தான் காரணம் என்று அங்கே ஒரு மிருக வைத்தியர் கண்டுபிடித்தார். 1933இல் விஸ்கொன்சினில் ஒரு கமக்காரர், பனிப்புயலுக்குள், செத்த பசுவையும் உறையாத இரத்தம் நிறைந்த பால் தகரத்தையும் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற இரசாயனவியலாளர் ஆறேழு வருடம் தேடி அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார். அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது, மனிதருக்கு 1954இல். அடுத்த வருடம் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் கொடுத்தார்கள். எலிக்கும் ஜனாதிபதிக்கும் ஒரே சரக்கு, அளவுதான் வேறு. அந்த அளவு சரியா என்பதைத்தான் கிளினிக்கில் ஐ.என்.ஆர் என்று இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு கிழமை முருங்கையிலைச் சுண்டல், அடுத்த கிழமை கீரையே இல்லை என்று சாப்பிட்டால் அது ஏறி இறங்கும்.

சாதாரணக் கண்டலுக்குச் செய்வது கொஞ்சம்தான். முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். கையைத் தலையணையில் உயர்த்தி வைக்கலாம். சுடு ஒத்தணம் பிறகுதான். எதுவும் அடிபடாமல் புதிது புதிதாகத் திட்டு வந்தால், முரசில் இரத்தம் கசிந்தால், மலம் தார்போல் கறுத்தால், ரின்னைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போங்கள். ரின்னோடு, மறக்காமல்.

வார்பரின் எடுக்கிற ஆள் விழுந்து தலை அடிபட்டால், வெளியே ஒரு கீறலும் தெரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மண்டைக்குள் கசிவது தோலில் தெரியாது. நெடுந்தீவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: அங்கிருந்து குறிகட்டுவானுக்கே கடலில் ஒரு மணித்தியாலம். இரவில் நோயாளிகளைக் கடற்படைப் படகில் கொண்டுவருகிறார்கள். அதைக் கேளுங்கள், காலைப் படகுக்குக் காத்திராதேங்கோ.