பலாலிக்கு ஒரு மணித்தியாலம், ஆருக்கு?

இரத்மலானையிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். சின்ன விமானத்தில் ஒரு மணித்தியாலம், கொஞ்சம் முன்பின்னாக. வெள்ளவத்தையில் இருக்கிறவைக்கு இரத்மலானை ஓட்டோவில போற தூரம்தான். கொட்டாஞ்சேனைக்காரர் பாவம், பின்னேர நெரிசலுக்குள்ள காலி வீதியால வந்து சேருறதுக்குள்ள விமானம் பலாலியில இறங்கியிருக்கும்.

ஆனால் இரவில் வெள்ளவத்தைப் பக்கம் வந்து நிண்டு பாருங்கோ, நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு எப்பிடிப் போறம் எண்டு தெரியும். பொதி, தண்ணிப் போத்தல், ஒரு போர்வை. பிறகு விடியுமட்டும் பஸ். விமானத்தைப் பற்றி எங்கட வகுப்பில ஆரும் கதைக்கிறதே இல்லை. அது எங்களுக்கெண்டு விட்டதில்லை எண்டு எல்லாருக்கும் தெரியும்.

படத்தை விரிச்சு வைச்சால் இன்னொரு விசயம் தெரியும். பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீற்றர். அதாவது யாழ்ப்பாணம் கொழும்புக்கும் சென்னைக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருக்கு. திருச்சி 185 தான், கொழும்பை விட எவ்வளவோ கிட்ட. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் எழும்பி, வடக்கில் இறங்கி, பிறகுதான் சென்னைக்குப் போனது. அண்டைக்கு இது ஒரே வழிப்பயணம்.

போர் வந்தபிறகு அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வேற விலை. தரைப்பாதை மூடின காலத்தில் பாதுகாப்பு அனுமதி எடுத்து, சோதனை முடிச்சு ஏறவேணும். 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் 602 மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள், பயணிகள் பெரும்பாலும் தமிழர். புலிகள் சுட்டு வீழ்த்தினார்கள் என்றே பரவலாக நம்பப்படுகிறது. எங்கட பக்கத்தில் இதைச் சத்தமாகச் சொல்ல ஆக்கள் தயங்கினம். சொல்லத்தான் வேணும்.

2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கி, கொரோனாவோட நிண்டு, 2022 டிசெம்பரில் திரும்ப வந்தது. நல்ல விசயம், சந்தோசம். ஆனால் அதுக்குப் பிறகு பேச்சு முழுக்க "பெரிய விமானம் வரவேணும், ஓடுபாதையை நீட்டவேணும்" எண்டதிலதான் நிக்குது.

நீட்டுறது ஆற்ற காணியில? பலாலி, மயிலிட்டிச் சனம் 1990இல் எழும்பி ஓடினது. காணி கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டாலும், இன்னும் உறுதியைக் கையில வைச்சுக்கொண்டு வேலிக்கு வெளியில நிக்கிற குடும்பங்கள் இருக்கு. அவை உள்ள போகமுதல் கொழும்பிலிருந்து நாங்கள் நீளமான ஓடுபாதை கேக்கிறது சரியில்லை எண்டுதான் நினைக்கிறம்.

இருக்கிற ஓடுபாதையில ஏ.டி.ஆர் 72 வந்து இறங்குது, எழுபது பேரளவில் ஏத்தும். முதலில அந்த அளவு விமானத்தை இரத்மலானைக்கும் ஒவ்வொரு நாளும், ஒரே நேரத்தில விடட்டும். ரயிலுக்கு அரசாங்கம் நட்டத்தைத் தாங்குதுதானே, இதிலயும் ஒரு பங்கைத் தாங்கட்டும். செத்தவீட்டுக்கு ஓடுறவை, பெரியாஸ்பத்திரிக்கு வாற வயதுபோனவை, பரீட்சைக்கு முதல்நாள் இறங்கவேண்டிய எங்களைப் போல ஆக்கள் ஏறக்கூடிய விலையில ரிக்கற் போடட்டும். சொகுசு பஸ் காசை விடக் கூடத்தான் வரும், அது விளங்குது. எத்தினை மடங்கு எண்டதுதான் எங்கட கேள்வி.