ஜூனோவும் நமது சுமங்கலிகளும்

2007-ம் வருஷத்தில் அமெரிக்காவில் “ஜூனோ” என்று ஒரு சினிமா வெளிவந்தது. டயப்லோ கோடி என்னும் அம்மையார் எழுதி, ஜேசன் ரைட்மன் என்பவர் எடுத்தது. எழுத்துக்கு ஆஸ்கார் பரிசும் பெற்றது. 16 வயதுள்ள பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி உடன் படிக்கும் பையனோடு பழகிக் கர்ப்பமாகி விடுகிறாள். கருவைக் கலைக்கப் போனவள் மனம் மாறி, பெற்று, பிள்ளையில்லாத ஒரு தம்பதிகளுக்குத் தத்துக் கொடுத்து விடுவதென்று தீர்மானிக்கிறாள். நடுவிலே அந்தப் புருஷன் மனைவியை விட்டுப் போய்விடுகிறான். ஆயினும் தனித்து நின்ற அந்த அம்மாளுக்கே குழந்தையைக் கொடுத்துவிட்டு, பழையபடி அந்தப் பையனோடு சேர்ந்து பாட்டுப் பாடிக் கொண்டிருக்கிறாள். கதை இவ்வளவுதான்.

இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கின்றார்கள். நம் நாட்டில் இந்தக் கதையில் சிரிப்புக்கு இடமேது? அப்பன் அரிவாளைத் தேடுவான். பெண் கிணற்றைத் தேடுவாள். அந்தப் பெண்ணின் தகப்பனோ பெரிய படிப்பாளியுமல்ல, பிரபுவுமல்ல; வீடுகளில் சூடு காட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். நமது கதைகளில் பேயாக வருகிற மாற்றாந்தாய், அங்கே தன் மூத்தாள் மகளை இழிவாகப் பேசிய ஆஸ்பத்திரிக்காரியை நேருக்கு நேர் கேட்டுவிடுகிறாள். பெண்ணும் வயிற்றைத் தள்ளிக் கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

படத்தில் குற்றமில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பையன் கால்சட்டை போட்டுக் கொண்டு ஓடிப் பழகுகிறான், சுமப்பதெல்லாம் பெண்தான். சிசுவுக்கு நகம் முளைத்திருக்கும் என்று வைத்தியசாலை வாசலில் ஒருத்தி பயமுறுத்தியதும் அவள் திரும்பி விடுவது, பாதிரிமார்களுக்குத்தான் சந்தோஷமளிக்கும். கர்ப்பத்தடை பெண்களின் விடுதலைக்கே வேண்டும் என்று பெரியார் “குடி அரசில்” 1930-லேயே எழுதிவிட்டார். அந்தப் பாடத்தை அமெரிக்கப் பெண்ணுக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை போலும்!

நிற்க. நமது திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்துச் சங்கதிக்கு வருவோம். நூல் மில்களில் “சுமங்கலித் திட்டம்” என்று ஒன்று நடந்து வந்தது. திண்டுக்கல், தேனி, விருதுநகர் முதலிய ஜில்லாக்களின் ஏழைப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பதாகச் சொல்வது. எதற்கென்றால் கல்யாணச் செலவுக்காம்! உழைக்க வருகிறவளுக்குப் புருஷனோடு வாழ்பவள் என்ற பொருளில் பெயர் வைத்த முதலாளியின் சாமர்த்தியத்தை என்னென்பது? வெளியே போகக்கூடாது, ஆணோடு பேசக்கூடாது என்று பூட்டி வைத்தார்களே, தன் உடம்பைப் பற்றி அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தார்களா?

2006-ம் வருஷத்துச் சட்டம் இருந்தும் இன்றும் திருட்டுத்தனமாக 16 வயதில் தாலி கட்டி விடுகிறார்கள். அந்தப் பெண் கர்ப்பமானால் வளைகாப்பு, ஏழு வகைச் சோறு, ஊரார் ஆசீர்வாதம். தாலியில்லாத 16 வயதுப் பெண் கர்ப்பமானால் ஜாதிக்கும் குலத்துக்கும் மானம் போயிற்று. வயது ஒன்றே, வயிறும் ஒன்றே. பிஞ்சு உடம்புக்கு வரும் ஆபத்தை மஞ்சள் கயிறு தடுத்து விடுமா? இரண்டும் கூடாது என்பதே நமது கட்சி. ஆனால் ஒன்றை விருந்து வைத்துக் கொண்டாடுகிறவர்களுக்கு மற்றொன்றைப் பழிக்க யோக்கியதை ஏது?

தத்து விஷயமும் இப்படித்தான். தகப்பனைப் “புத்” என்னும் நரகத்திலிருந்து கரையேற்ற ஒரு பையன் வேண்டும், அதுவும் சொந்த ஜாதியில் வேண்டும் என்பது சாஸ்திரத்தின் தத்து. அனாதைக் குழந்தைக்குப் பால் வேண்டுமே என்ற கவலை அதில் கிடையாது. 1956-ல் வந்த சட்டந்தான் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. மணமாகாதவளும் விதவையும் தன் பேரிலேயே தத்தெடுக்கலாம் என்றது. புருஷனோடு வாழ்கிறவளுக்கு மாத்திரம் அந்த உரிமை 2010 வரையில் இல்லை. சுமங்கலிக்கு நேர்ந்த யோகத்தைப் பாருங்கள்!

1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தபோது, கொல்லப்பட இருந்த பெண் சிசுக்கள் பிழைத்தன. நல்லதே. ஆனால் இருட்டில் முக்காடிட்டு வந்து தொட்டிலில் போட்டு ஓட வேண்டிய அவசியமும் தாய்க்கு இல்லை. 2015-ம் வருஷத்துச் சட்டப்படி குழந்தை நலக் குழுவிடம் நேரில் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் இரண்டு மாதத்திற்குள் திரும்பப் பெறலாம். கருவைக் கலைக்கவும் 18 வயதாகாத பெண்ணுக்கு, காப்பாளர் சம்மதத்துடன், 24 வாரம் வரையில் சட்டம் இடம் கொடுக்கிறது. இவைகளை எந்த மில் விடுதிச் சுவரிலாவது தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்களா? சாமி படம் மாட்ட மாத்திரம் சுவரில் இடமிருக்கிறது.