ஆல்பாவுக்கு அரியணை, தமிழுக்கு வெற்றுக் கட்டமா?

திருவில்லிபுத்தூரை அடுத்த கிருட்டிணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தோன்றிய கலசலிங்கம், இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக நிற்கின்றது. இராசபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளியின் மகனும் வத்திராயிருப்பு உழவனின் மகளும் கணிப்பொறி பயிலத்தக்க இடம் அது. அங்கே ஒரு மாணவன் வரைபடம் வரைந்து, அதன் அச்சுக்குத் தமிழிற் பெயரிட முற்பட்டால் நேர்வது என்ன?

பைத்தன் நிரல்மொழியில் வரைபடம் தீட்ட உலகோர் பெரிதும் கையாளும் மேட்பிளாட்லிப், சான் அண்டர் என்பவரால் 2003-இல் வெளியிடப்பெற்றது. இரு தாலர்க்குறிகளுக்கிடையே ஒரு பின்சாய்கோடும் ஆல்பா என்னும் பெயரும் இட்டாற்போதும். கிரேக்க எழுத்து அழகுற எழுந்து நிற்கும். மூலக்குறியும் தொகையக்குறியும் அவ்வாறே எழும். தொனால்டு நூத் 1978-இல் வெளியிட்ட டெக்கு அச்சுமுறையின் குறிமரபை அது தழுவிக்கொண்டதே கரணியம்.

'வெப்பநிலை' என்று எழுதினாலோ வெற்றுக் கட்டங்கள்! அதன் இயல்பான எழுத்துருவில் தமிழே இல்லை. தமிழ் எழுத்துருவைத் தேடிக் கொடுத்தாலும் துன்பம் தீர்ந்தபாடில்லை. ஒருங்குகுறியில் 'வெ' என்பது வகரம் முன்னும் கொம்பு பின்னுமாக இரு குறிகள். கொம்பை முன்னே நகர்த்திக் கோக்கும் திறன், நெடுங்காலம் புழங்கிவந்த பதிப்புகளில் இல்லை. கொம்பு வகரத்தின் பின்னே நின்று பல்லிளிக்கும். மாணவன் என்செய்வான்? வெட்கி, ஆங்கிலத்தில் எழுதிவிடுவான்.

கணக்கியலுக்கென இலத்தீன், கிரேக்க எழுத்துகளின் தடித்த வடிவுக்கும் சாய்ந்த வடிவுக்குங்கூட ஒருங்குகுறியில் தனித்தனி இருக்கைகள். அத்தொகுதியில் மட்டும் 996. தமிழ்த் தொகுதியிலோ 72! முந்திரி, காணி, மா முதலிய நம் கீழ்வாய் இலக்கக் குறிகள் 2019-இல்தான் உள்ளே நுழைந்தன.

ஆல்பாவை விரட்டிவிட்டு அகரத்தை அமர்த்துக என்பதன்று இங்கே கேட்பது. கணக்கியற் குறி உலகப் பொது. சொல் அத்தகையதன்று, வெப்பநிலை, அழுத்தம், நேரம் ஆகியவை எண்ணுவோன் மொழியிலேயே இருத்தல் வேண்டும். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. தமிழிற் படித்துத் தமிழில் விடையெழுதும் ஒருவன், படத்துக்கு மட்டும் ஆங்கிலம் ஒட்டுவது எவ்வகை நயன்மை?

வழி இல்லாமலில்லை. வரைபடத்தைச் சீடெக்கு அச்சுமுறையின் வழியாக வெளியிட்டால், கொம்பு தன் இடத்தில் ஒழுங்காக அமர்கின்றது. ஆல்பாவும் அருகிலேயே நிற்கின்றது. மேட்பிளாட்லிப்பின் மூலநிரலும் பூட்டிவைக்கப்பட்டதன்று. குறை கண்டவர் எவராயினும் திருத்தி ஒப்படைக்கலாம். தமிழ் எழுத்துருவை இணைத்து இம்முறையை மாணவர்க்குக் காட்ட, கிருட்டிணன்கோவிலில் ஓர் ஆசிரியரும் ஒரு பிற்பகலும் போதும்.